கொதிகலனும் எண்ணெய்ச் சட்டியும்

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில், மௌரி அவென்யூவில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடப்பவனைப் பார்த்தால் கார்கள் வேகம் குறைக்கும். இரக்கத்தினால் அல்ல. அங்கே நடைபாதை அழகுக்காகப் போடப்பட்டது. அதன்மேல் ஓர் ஆள் நடந்தால் எங்கோ ஏதோ கோளாறு என்று அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெயில் இன்னும் இறங்கவில்லை. என் பெட்டியின் ஒரு சக்கரம் டெக்சாஸிலேயே கழன்றுவிட்டதால் அது நொண்டிக்கொண்டே வந்தது.

வெள்ளைக் கார் ஒன்று ஓரமாக நின்றது. கண்ணாடி இறங்கியது. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்க்யூஸ் மி, நீங்க இன்னிக்கு டிராமால பேரல் தூக்கிட்டு வந்தவர்தானே?"

"ஆமா மேடம்."

"சூப்பரா பண்ணீங்க! அந்த மெயின் ஆக்டர் இருக்காரே, அவர் கைய நீட்டினதும் எங்க ஹஸ்பண்டே அழுதுட்டார். கார் ரிப்பேரா?"

"இல்ல மேடம். வேலைய விட்டுட்டேன்."

"ஓ, நைஸ்! ஆல் தி பெஸ்ட்," என்றார். கண்ணாடி ஏறியது.

அவர் பார்த்துவிட்டு வந்த நாடகம் ஜெர்மனியில் நூறு வருஷத்துக்கும் முன்னால் யாரோ எழுதியது. ஒரு சலவைச்சாலை. அங்கே கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் ஒருவன், வேலை நேரத்தில் பீர் குடிக்கப் போய்விடுகிறான். கொதிகலன் வெடித்துத் துணி பிழியும் பெண் ஒருத்தி சாகிறாள். பழி வேறொருவன்மேல் விழுகிறது. அள்ளிப் போட்டவன் மூன்று அங்கங்கள் வாயை மூடிக்கொண்டு உள்ளுக்குள்ளேயே வெந்து, நாலாவது அங்கத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது உண்மையைச் சொல்கிறான். போலீஸ் வருகிறது. திரை விழுகிறது. அவ்வளவுதான் கதை. பாட்டு கிடையாது, காமெடி டிராக் கிடையாது. இதைத் தமிழில் போட்டால் பே ஏரியாவில் யார் வருவார்கள் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. சாப்பாடு உண்டு என்று நோட்டீஸில் போட்டார்கள், அரங்கம் நிறைந்துவிட்டது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். கப்பலில் பாத்திரம் கழுவ வந்து கரையில் தங்கிவிட்டேன். காகிதங்கள் பிற்பாடு ஒரு மாதிரி சரியாயின. நியூ ஜெர்சியில் பெட்ரோல் போட்டேன், பனிக்காலத்தில் விரல் வீங்கியது. டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்களின் வீடு வீடாக டிபன் டப்பா கொண்டுபோய் வைத்தேன், வெயில் காலத்தில் தோல் உரிந்தது. ஃப்ரீமான்ட்டில் சீதோஷ்ணம் நன்றாக இருக்கும் என்றார்கள். உண்மைதான், சீதோஷ்ணத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை.

இங்கே வேலை பார்த்தது ஒரு தமிழ் ஓட்டலில். தூக்குவது, நறுக்குவது, கேட்டரிங் வேனில் ஏற்றுவது, இறக்குவது. பின்னால் இருந்த ஒரு அபார்ட்மெண்டில் முதலாளி படுக்க இடம் கொடுத்திருந்தார். சமையற்கட்டில் தோசைக்கல்லுக்கும் எண்ணெய்ச் சட்டிக்கும் மாஸ்டர் பொறுப்பு. சிவகாசிப் பக்கத்துக்காரர், ஐம்பதைத் தொட்டவர். சமையல்காரர் விசாவில் வந்தவர். அவருடைய க்ரீன் கார்டு பேப்பர் முதலாளி கையில் இருந்தது. அது வந்தால்தான் மனைவியும் மகளும் வர முடியும். மகளுக்குக் கல்யாண வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் கழுவ குவாத்தமாலாக்காரன் ஒருவன். அமிகோ, அதாவது நண்பன், என்று எல்லோரும் கூப்பிடுவோம். அவனும் எங்களை அமிகோ என்றுதான் கூப்பிடுவான். இப்படி நாள் முழுக்க ஒரே வார்த்தையில் சமையற்கட்டு ஓடியது.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டது. நான் வெளியே வேனில் இருந்தேன். உள்ளே ஓடியபோது ஒரே புகை. சட்டிமேல் ஒரு பெரிய தட்டு கவிழ்ந்திருந்தது. அமிகோ வலக்கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நின்றான். மாஸ்டர் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எவன்டா அடுப்ப எரிய விட்டுட்டுப் போனது?" என்று முதலாளி கத்தினார்.

மாஸ்டர் பேசவில்லை. அமிகோ பேசினான். ஸ்பானிஷில், நிறுத்தாமல், காயமில்லாத கையால் பின்கதவைக் காட்டிக் காட்டிப் பேசினான். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

"இவ்ளோ நேரம் பேசறான்னா இவன்தான் பண்ணிருக்கான்," என்றார் முதலாளி.

அன்றோடு அமிகோவை நிறுத்திவிட்டார்கள். சட்டியை மூடியதால்தான் அவன் கை வெந்தது என்பதை யாரும் யோசிக்கவில்லை. நான் இல்லாத நேரத்தில் நடந்ததால் நானும் முதலாளி சொன்னதையே நம்பினேன்.

கோடையில் நாடகக் குழு வந்தது. ஓட்டலின் பின்பக்கம் பிறந்தநாள் விழாக்களுக்கான ஹால் ஒன்று உண்டு. சாயங்காலங்களில் அது காலியாகக் கிடக்கும். அதை ஒத்திகைக்குக் கொடுத்தார் முதலாளி, நாடகத்துக்கு ஃபுட் ஸ்பான்சரும் ஆனார். ஹாலுக்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் தட்டு நீட்டுகிற ஒரு ஜன்னல். இந்தப் பக்கம் தோசை சுடும் சத்தம், அந்தப் பக்கம் ஜெர்மனி.

டைரக்டர் சான் ஹோசேயில் ஏதோ பெரிய கம்பெனியில் ஆர்க்கிடெக்ட். கட்டடம் கட்டுகிறவர் இல்லை, சாஃப்ட்வேர். நேச்சுரலிசம் என்ற சொல்லை நான் அவர் வாயில்தான் முதலில் கேட்டேன். மேடையில் வேர்வை நிஜ வேர்வையாக இருக்க வேண்டும், கரி நிஜக் கரியாக இருக்க வேண்டும், சாப்பாட்டுக் காட்சியில் வேகவைத்த உருளைக்கிழங்கில் ஆவி பறக்க வேண்டும். கரிக்கு மட்டும் பள்ளிக்கூட அரங்கத்தில் அனுமதி கிடைக்கவில்லை, கறுப்பு ஸ்பிரே அடித்த தெர்மாகோல் வந்தது. உருளைக்கிழங்குக்குப் பதில் ஸ்பான்சர் உருளைக்கிழங்கு போண்டா அனுப்பினார். ஜெர்மன் தொழிலாளர்கள் போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டு பசியைப் பற்றிப் பேசினார்கள்.

கரி அள்ளுபவனாக ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர். கையில் ஸ்மார்ட் வாட்ச். சோகமான இடங்களில் அது எழுந்து நடக்கச் சொல்லி அதிரும். சாகிற பெண்ணாக ஒரு பல் டாக்டரின் மனைவி. டீ கொண்டுபோன என்னையும் பிடித்துப் போட்டுக்கொண்டார்கள். பேரலைத் தோளில் வைத்துக்கொண்டு வர வேண்டும், "கொதிகலன் சத்தம் சரியில்லை" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

"ப்ரோ, நீங்க ரொம்ப ஸ்ட்ரெய்ட்டா நிக்கறீங்க," என்றார் டைரக்டர். "லேபர்னா ஒரு டயர்ட்னெஸ் தெரியணும். ஷோல்டர டிராப் பண்ணுங்க."

காலையிலிருந்து நின்ற கால்கள்தான். தோளை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

"நோ நோ, இது ஆர்ட்டிஃபிஷியலா இருக்கு. இவர பாருங்க." ப்ராஜெக்ட் மேனேஜர் தளர்ந்து காட்டினார். அழகாகத்தான் தளர்ந்தார். அவரைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டேன்.

மாஸ்டர் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாலாவது அங்கம் வரும்போதெல்லாம் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நிற்பார். தோசைகள் கெட ஆரம்பித்தன. ஒரு பக்கம் கருகும், ஒரு பக்கம் மாவாக இருக்கும். ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, அந்த ஜெர்மன்காரன் கடைசில சொல்லிடுதானா?"

"சொல்லிடறான் மாஸ்டர்."

"சொல்லி?"

"போலீஸ் புடிச்சிட்டுப் போயிடும்."

"அதுக்கப்புறம்?"

"ஸ்க்ரீன் போட்டுடுவாங்க."

"அவனுக்கென்ன. க்ரீன் கார்டு ஒண்ணும் பெண்டிங் இல்லல்லா," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நாடக விமர்சனம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஒத்திகை. கடைசிக் காட்சி. ப்ராஜெக்ட் மேனேஜருக்கு வசனம் மறந்துபோய் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது சமையற்கட்டுக் கதவைத் திறந்துகொண்டு மாஸ்டர் வந்தார். இடுப்பில் ஏப்ரன், கையில் தோசைத் திருப்பி. நேராகப் போய் மேஜை முன்னால் நின்றார்.

"நாந்தான்," என்றார். "அடுப்ப எரிய விட்டுட்டுப் போனது நாந்தான். மக போன்ல கூப்புட்டா. பின்கதவுக்கு வெளிய போய் நின்னு பேசிக்கிட்டிருந்தேன். எண்ணெ பத்திக்கிடுச்சு. அந்த ஆளு ஓடியாந்து மூடினான். அவன் கைதான் வெந்துச்சு. அவனையே வெரட்டினாங்க. நான் கல்லப் பாத்துக்கிட்டு நின்னேன்."

மார்ச் மாதம் அவர் நின்ற நிலை அப்படியே கண்முன் வந்தது.

டைரக்டர் கைதட்டினார்.

"சார்! வாட் வாஸ் தட்! எங்க சார் இருந்தீங்க இவ்ளோ நாளா? கொதிகலன அப்படியே எண்ணெய்ச் சட்டியா மாத்திட்டீங்களே!"

பல் டாக்டரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த 'கல்லப் பாத்துக்கிட்டு நின்னேன்'... எனக்கு கூஸ்பம்ப்ஸ்," என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"சார், நெசமாத்தான் சொல்லுதேன்," என்றார் மாஸ்டர்.

"அதான் சார்! அந்த 'நெசமாத்தான்' டயலாக்கையும் வெச்சுக்கலாம். ஒன் மோர். கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். கைதட்டல் கூடியது. ப்ராஜெக்ட் மேனேஜர், "இந்த ரோல அவருக்கே குடுத்துடுங்க ப்ளீஸ். எனக்கு அந்த வீக் ரிலீஸ் இருக்கு. நான் போலீஸ் பண்ணிக்கறேன், அவனுக்கு ஒரே டயலாக்தான்," என்றார்.

முதலாளி ஜன்னலில் நின்றிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. முகம் ஒரு கணம் அப்படியே நின்றது. பிறகு அவரும் கைதட்டினார், எல்லோரையும்விடச் சத்தமாக.

கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன். "அண்ணே, அவர் நடிக்கல."

"நடிப்புதான்டா," என்றார் பொறுமையாக. "நடிப்பு இல்லேன்னா நான் என்னென்ன பண்ணணும் பாரு. அவர வேலைய விட்டுத் தூக்கணும். பேப்பர வாபஸ் வாங்கணும். இன்ஷூரன்ஸ்காரன்கிட்ட போய் வேற கத சொல்லணும். அமிகோவ எங்க இருக்கான்னு தேடணும். எல்லாத்துக்கும் மேல தோசைக்கு ஆள் தேடணும். யாருக்கு என்ன லாபம்? மனுஷன் நல்லா நடிக்கறாரு, விட்ரு."

மாஸ்டரிடம் போனேன். அவர் வேறொரு கணக்கில் இருந்தார். "பத்துப் பேர்கிட்ட சொன்னா நம்ப மாட்டேங்காங்க தம்பி. ஹால் நெறைய ஆளுக முன்னாடி, முதலாளிய முன்னால உக்கார வெச்சுக்கிட்டு சொல்லுதேன். ஒருத்தனாச்சும் நம்ப மாட்டான்? நம்பினா கேப்பான். கேட்டா இவரு அமிகோவக் கூப்பிட்டுத்தான ஆகணும்?"

"அப்ப உங்க பேப்பர்?"

"போச்சுன்னா போச்சு," என்றார். சொன்ன பிறகு ரொம்ப நேரம் மாவையே கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஒத்திகைக்கும் முகம் கழுவிக்கொண்டு, நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறவர் மாதிரி போய் நிற்பார்.

நாடகம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். முதலில் குத்துவிளக்கு, பிறகு தமிழ்த்தாய் வாழ்த்து. பாடிய குழந்தைகள் வரிகளை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். பிறகு சங்கத் தலைவர், செயலாளர், முன்னாள் தலைவர். பிறகு ஃபுட் ஸ்பான்சருக்குப் பொன்னாடை. முதலாளி அதைப் போர்த்திக்கொண்டு முதல் வரிசை நடுவில் உட்கார்ந்தார். திரை விலகியபோது ஜெர்மனியைவிட சாம்பார் வாசனைதான் அதிகமாக வந்தது.

என் பேரலை நான் தூக்கினேன், தோளை இறக்கினேன், சொல்ல வேண்டியதைச் சொன்னேன். ஓரத்தில் நின்று நாலாவது அங்கத்தைப் பார்த்தேன்.

மாஸ்டர் கால்சட்டையைத் தோளில் மாட்டும் சஸ்பெண்டர் போட்டிருந்தார். மேஜை முன்னால் வந்து நின்றவர், கூட்டத்தின் பக்கம் திரும்பிவிட்டார். ஜெர்மன்காரனுடைய வசனத்தில் ஒரு வரிகூட இல்லை.

"நான் கரி அள்ளுதவன் இல்லீங்க. தோச சுடுதவன். இந்தா முன்னால உக்காந்திருக்காரே, இவரு கடையிலதான். நீங்க எல்லாரும் சாப்புட்டிருக்கீங்க."

அரங்கம் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். லோக்கல் டச் என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க. மார்ச் மாசம் அங்க தீப்புடிச்சுதே, அது என்னால. ஒரு குவாத்தமாலாக்காரன் கைய வேகவெச்சு அதை அணைச்சான். அவனத்தான் வெரட்டிட்டாங்க. நான் பேசல. எனக்கு பேப்பர் வேணும்னு பேசல. இப்ப பேசுதேன். யாராச்சும் இவரக் கேளுங்க."

கையை நீட்டி முதலாளியைக் காட்டினார். அரங்கமே முதலாளியைப் பார்த்தது. அவர் எழுந்தார். பொன்னாடையைச் சரிசெய்துகொண்டு, கூட்டத்தின் பக்கம் திரும்பி, இரண்டு கையும் கூப்பி வணங்கினார். கைதட்டல் கூரையைத் தொட்டது.

போலீஸாக நின்ற ப்ராஜெக்ட் மேனேஜருக்கு எந்த வரிக்குப் பிறகு வர வேண்டும் என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக உள்ளே வந்து, "சட்டத்தின் பெயரால் உன்னைக் கைது செய்கிறேன்" என்றார். மாஸ்டர் இரண்டு கைகளையும் நீட்டினார். அப்படி ஆசையாகக் கை நீட்டி விலங்கு வாங்கிக்கொண்டவரை நான் பார்த்ததில்லை. பிளாஸ்டிக் விலங்கு, ஆன்லைனில் வாங்கியது. மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது.

முதலாளி மேடையேறித் தன் பொன்னாடையைக் கழற்றி மாஸ்டருக்குப் போர்த்தினார். மைக்கில், "இவருக்கு க்ரீன் கார்டு வாங்கிக் குடுக்கறது இனிமே என் கடமை இல்ல, பெருமை," என்றார். டைரக்டர் என் காதில், "எக்ஸ்ட்ரார்டினரி எபிலிட்டி கேட்டகரிலயே அப்ளை பண்ணலாம் ப்ரோ," என்றார். பெரிய விஞ்ஞானிகளுக்கும் நடிகர்களுக்கும் க்ரீன் கார்டு கொடுக்கிற வழி அது. அவர் முழுக்க விளையாட்டாகச் சொல்லவில்லை.

பார்க்கிங்கில் காலிப் பாத்திரங்களை வேனில் ஏற்றினோம். ஒருவர் இருவர் வந்து மாஸ்டரோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்கள் போகும்வரை காத்திருந்து கேட்டேன்.

"யாராவது நம்பினாங்களா மாஸ்டர்?"

முகம் தெளிந்திருந்தது. தூங்கி எழுந்தவர் மாதிரி இருந்தார். "இனி நம்பினா என்ன, நம்பாட்டி என்ன தம்பி? சொல்லியாச்சு. அத்தன சனத்துக்கு முன்னாடி, முதலாளி மூஞ்சிக்கு நேரா சொல்லியாச்சு. கைல வெலங்கும் மாட்டியாச்சு. மனசு பஞ்சு மாதிரி இருக்கு."

"அமிகோ?"

"எல்லாரயும் கேக்கச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. நான் இதுக்கு மேல என்ன செய்ய?" என்றார். பிறகு, "அந்த இட்லிப் பானைய இப்படித் தள்ளு," என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகள் வந்துவிடுவாள் என்றுதான் அந்த முகத்தில் இருந்தது. ஆனால் அந்தப் பஞ்சு மனசுக்குப் பக்கத்தில் நின்று நாளைக்கு வெங்காயம் உரிக்க எனக்கு முடியாது என்று தோன்றியது.

கடைக்கு வந்து பாத்திரங்களை இறக்கிக் கழுவிக் கவிழ்த்தேன். வேலையை விடுகிறவன் அதையும் பாதியில் விட வேண்டியதில்லை. அபார்ட்மெண்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு முதலாளியிடம் சாவியைக் கொடுத்தேன்.

"பேரல் தூக்கினவனுக்கே இவ்ளோ ரோஷமா?" என்றார். "மெயின் ரோல் பண்ணவரே சும்மா இருக்காரு."

அதன் பிறகுதான் மௌரி அவென்யூ, வெள்ளைக் கார், ஆல் தி பெஸ்ட். எங்கே படுத்தேன் என்பதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை, கொசு இல்லாத ஊர்.

காலையில் ஒரு பெரிய ஹார்ட்வேர் கடையின் பார்க்கிங்குக்குப் போனேன். அன்றாடக் கூலிக்கு ஆட்கள் நிற்கும் இடம். வேலை போன குவாத்தமாலாக்காரன் ஃப்ரீமான்ட்டில் வேறெங்கே நிற்பான் என்று நினைத்துத்தான் போனேன். அங்கேதான் நின்றான். கையில் புதுத்தோல் வழவழவென்று சிவப்பாக இருந்தது. விரல்கள் முழுதாக மடங்கவில்லை. என்னைப் பார்த்ததும் "அமிகோ" என்றான்.

போனில் மொழிபெயர்க்கும் செயலியைத் திறந்து, மாஸ்டர் சொன்னதை முழுக்கச் சொன்னேன். அது ஒரு பெண் குரலில் ஸ்பானிஷில் வாசித்தது. தலையை ஆட்டிக்கொண்டே கேட்டான். அவனுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. அன்று பின்கதவைக் காட்டிச் சொன்னதும் அதுதான். நாடகம் என்பதைப் புரிய வைக்கத்தான் நேரம் ஆனது.

அவன் போனை வாங்கிப் பேசினான். "அவன் என் பெயரைச் சொன்னானா?" என்றது செயலி, தமிழில்.

"இல்லை," என்றேன். "அவருக்குத் தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது."

அதைக் கேட்டுத்தான் சிரித்தான். மற்றதற்கெல்லாம் சிரிக்கவில்லை. பெயரைச் சொன்னான். நான் சரியாகச் சொல்லும்வரை விடவில்லை.

பழைய பிக்அப் வண்டி ஒன்று உள்ளே வந்தது. எல்லோரும் ஓடினார்கள், நாங்களும் ஓடினோம். பக்கத்து ஊர் ஹேவர்டில் ஒரு வீட்டின் பழைய கூரை ஓடுகளைப் பெயர்க்க வேண்டும், இரண்டு பேர் போதும் என்று ஓட்டுநர் இங்கிலீஷில் சொன்னார். அவன் தன்னைத் தொட்டு, என்னைத் தொட்டான். ஓட்டுநர் என் தோளைப் பார்த்து அவனிடம் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார், இவன் தாங்குவானா என்று இருக்கும். அவன் எனக்காக நீளமாகப் பதில் சொன்னான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் வேலை கிடைத்தது. பின்னால் ஏறிக்கொண்டோம். அவனிடம் ஒரு ஜோடி கையுறை இருந்தது. வலக்கையில் போட்டால் தோல் உராய்கிறது என்று ஜாடை காட்டி, வலக்கை உறையை மட்டும் என்னிடம் கொடுத்தான். வெயில் ஏறுவதற்குள் ஒரு பக்கக் கூரையைப் பெயர்த்துவிட்டோம்.